நோயாளியின் வழிநடை

ஒருவர் நோயுற்றார் என்று கேள்விப்பட்டால் முதலில் நோயின் பெயரைக் கேட்கிறோம். எந்த மருத்துவரிடம் காட்டினார்கள் என்றும், மருந்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்றும் அடுத்துக் கேட்கிறோம். அவர் எவ்வாறு போய்வந்தார் என்று கேட்பவர் அரியர். ஆயினும், சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் எளிய குடும்பங்களுக்கு, நோயின் பாரத்தில் ஒரு பெரும் பங்கு வழியிலேயே இருக்கிறது. மருந்து இலவசமாகக் கிடைக்கலாம். மருத்துவர் அன்புடையவராக இருக்கலாம். ஆனால் தன் வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வாசல்வரை உள்ள தொலைவை நோயாளியேதான் கடந்தாக வேண்டும்.

இவ்வெண்ணம் என் உள்ளத்தில் வேரூன்றக் காரணமாயிருந்தவள் என் மகள்வயிற்றுப் பேத்தி. அவள் சேலத்தில் செவிலியர் படிப்புப் பயில்பவள். அவளுடைய வகுப்பாருக்கு ஓர் ஆய்வுப்பணி தரப்பட்டிருந்தது. வட்டார நலவாழ்வுப் பணிகளில் நீடித்த போக்குவரத்து என்பது தலைப்பு. காற்றையும் மண்ணையும் கெடுத்துவிடாமல், நாளைய பிள்ளைகளுக்கும் மிச்சம் வைத்து, நோயாளிகளும் மருத்துவப் பணியாளரும் போய்வருவதற்கு வழி யாது என்று ஆராய வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், "அப்புச்சி, நீங்கள் கூட வந்து பேச்சுக் கொடுங்கள். நான் மட்டும் தாளும் பேனாவுமாய்ப் போய் நின்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்" என்றாள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேலை? இராசிபுரம் பக்கத்திலுள்ள எங்கள் சிற்றூரின் பேருந்து நிறுத்தத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியிலும் சில நாட்கள் காலை வேளையில் இருவரும் அமர்ந்தோம்.

தொடக்கத்தில் அவளுடைய கணக்கு முழுவதும் புகையைப் பற்றியதாகவே இருந்தது. அக்கணக்கும் தெரிந்துகொள்ளத் தக்கதே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. டீசலானால் ஏறத்தாழ 2.7 கிலோ. நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர். போய்வர 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரை ஒரு நோயாளிக்காக வாடகைக்கு அமர்த்தினால், அவர் ஒருவர் பொருட்டுச் சுமார் 15 கிலோ கரியமில வாயு வானில் கலக்கிறது. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்து அதே வழியில் போய்வந்தால் 20 லிட்டர் டீசல் செலவாகி 54 கிலோ வாயு வெளிப்படும். ஆனால் அதில் 50 பேர் அமர்ந்திருப்பின் தலைக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். காரில் தனியே போகிறவர் பேருந்தில் போகிறவரைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு புகையை விட்டுச் செல்கிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கணக்கன்று. உலகம் முழுவதிலும் உண்டாகும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழ 4.4 விழுக்காடு மருத்துவத்துறையின் பங்கு என்று 2019-இல் வெளிவந்த ஓர் அறிக்கை கணக்கிட்டது. இங்கிலாந்தின் தேசிய நலப்பணித்துறை 2020-இல் தன் கணக்கைத் தானே வெளியிட்டது. அந்நாட்டுச் சாலைகளில் நிகழும் பயணம் அனைத்திலும் ஏறத்தாழ 3.5 விழுக்காடு, நோயாளிகளும் பார்வையாளரும் பணியாளரும் மருந்துப் பொருள் கொண்டுசெல்வோரும் மேற்கொள்ளும் பயணமே என்று அதில் கண்டார்கள். அத்துறையின் கரிவாயுவில் ஏறக்குறைய 14 விழுக்காடு இப்பயணங்களால் வருகிறதாம். நோயைத் தீர்க்கப் போகும் வழியே, காற்றைக் கெடுத்துப் புதிய நோய்க்கு இடங்கொடுக்கிறது என்பது சிந்திக்கத் தக்கதன்றோ?

எனினும், மூன்றாம் நாளிலேயே என் பேத்தியின் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. "அப்புச்சி, இங்கே வருகிறவர்களில் காரில் வருகிறவர் யார்? பேருந்தில் வாருங்கள் என்று நான் யாருக்குச் சொல்வது? இவர்கள் ஏற்கெனவே பேருந்தில்தானே வருகிறார்கள்!" என்றாள். அது நியாயமான கேள்வி. மேல்நாட்டார்க்கு வாகனத்தைக் குறைப்பது எப்படி என்பது கேள்வி. நமக்கோ, கிடைக்காத வாகனத்துக்காகக் காத்து நிற்பதும், போகத் தேவையில்லாத வழியில் மீண்டும் மீண்டும் போவதுமே துன்பம். நாமக்கல் லாரிகள் இந்தியா முழுவதும் சரக்கு ஏற்றிச் செல்கின்றன. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் எந்தெந்த மாநிலத்திலோ போய்த் துளையிட்டு வருகின்றன. அத்தகைய வட்டாரத்தில், காலைப் பேருந்தைத் தவறவிட்ட ஒரு கர்ப்பிணிப் பெண் அடுத்த பேருந்துக்காக வெயிலில் நிற்கிறாள்.

அன்றிலிருந்து அவள் தன் தாளில் புதிய கட்டங்களை வரைந்தாள். எந்த வாகனத்தில் வந்தீர்கள் என்ற கேள்விக்குப் பின், உங்களோடு யார் வந்தார்கள், அவர்கள் இன்று எந்த வேலையை விட்டு வந்தார்கள், இன்று வந்த காரியம் இன்றே முடிந்ததா என்று வினவலானாள். கேள்வி மாறியதும் மக்களின் நாவும் திறந்துகொண்டது.

சிறுநீரகம் பழுதுபட்ட கணவனை வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்காக நகரத்துக்கு அழைத்துச் செல்லும் ஒரு தாய் பேசினார். "ஐயா, ஊசிக்கும் மெஷினுக்கும் காசு கேட்கிறதில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் நான் கூலிக்குப் போவதில்லை. அவர் திரும்பி வரும்போது நிற்க முடியாது. கூட்டமான பேருந்தில் யார் இடம் கொடுப்பார்கள்? அதனால் வரும்போது மட்டும் ஆட்டோ" என்றார். இன்னொருவர், ஒரு மருத்துவமனையில் இரத்தம் எடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், அதை மருத்துவரிடம் காட்ட ஒரு நாள் என்று மூன்று முறை அலைந்ததைச் சொன்னார். ஒரு மூதாட்டி, சர்க்கரைக்கு ஒரு கிழமையும் கண்ணுக்கு மறு கிழமையும் வரச் சொல்லியிருப்பதை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். மூன்று நாள் பயணத்தை ஒரு நாளில் அடக்கினால், புகையில் மூன்றில் இரண்டு பங்கு குறையும். கூலி இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு குறையும். இதற்குப் புதிய வாகனம் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. ஒரு கால அட்டவணையை மாற்றினால் போதும்.

பேருந்தைப் பற்றியும் ஒரு சொல். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பட்டது. மகனிடம் காசு கேட்க நாணி நோயை மறைத்து வைத்திருந்த தாய்மார் பலர், அதன்பின் தாமாகவே எழுந்து மருத்துவமனைக்குப் போனதை நானே கண்டிருக்கிறேன். கட்டணம் நீங்கியது பெரிய காரியம். ஆனால் கட்டணமில்லாப் பேருந்தும் நேரத்துக்கு வந்தால்தான் பேருந்து. புறநோயாளிகளைப் பார்ப்பது காலை வேளையில். அவ்வேளைக்குப் பொருந்தும் பேருந்து இல்லாத சிற்றூர்களில், இலவசச் சலுகை நிழலில் நிற்கிறது; நோயாளியோ அயலாரின் மோட்டார் சைக்கிளின் பின்னே அமர்ந்து போகிறார்.

இவ்விடத்தில், என் பேத்திக்கு நான் சொன்ன பழங்கதை ஒன்றை இங்கும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர் மேட்டில் நின்று கிழக்கே நோக்கினால், வானம் தெளிந்த நாளில் கொல்லிமலை நீலமாய்த் தெரியும். நூறாண்டுகளுக்கு முன், சரியான சாலையில்லாத அம்மலையில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் வாழ்ந்து மலைமக்களுக்கு மருந்தளித்தனர். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் பிறந்த அவர்களுடைய மகனே. தந்தை 1929-இல் காய்ச்சலால் இறந்தார். தாய் ஈவ்லினோ மலைமக்களைக் கைவிடவில்லை. முதுமையிலும் மட்டக்குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்று, 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார். அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் நம் வட்டாரத்தின் நன்றிக்கு உரியவர்கள். நோயாளி மலையிறங்கி வரட்டும் என்று காத்திராமல், மருந்து மலையேறிப் போயிற்று. அந்த மட்டக்குதிரை ஒரு துளி எண்ணெயும் குடிக்கவில்லை.

நோயாளிக்கு அருகில் மருத்துவம் இருக்க வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுக்குப் புதிதன்று. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கையிலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் எண்ணம் நம் நாட்டில் வளர்ந்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது பின்னர் வகுத்த அளவு. மலைப்பகுதிகளில் 20,000 பேருக்கும் 3,000 பேருக்கும் ஒன்று எனக் குறைத்து வைத்தார்கள். ஏறி இறங்கும் வருத்தத்தை அந்த அளவிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பது கருதத்தக்கது. 1978-இல் அல்மா அட்டா நகரில் கூடிய உலக நாடுகளும், மக்கள் வாழும் இடத்துக்கும் உழைக்கும் இடத்துக்கும் இயன்றவரை அருகில் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று அறிக்கையிட்டன. நம் வட்டாரத்திலும் தொலைவு குறைந்தே வந்திருக்கிறது. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 1986-இல் ஏற்பட்டது. 1997 சனவரி முதல் நாளில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரி 12 அன்று நாமக்கல்லுக்கென ஒரு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மேல்சிகிச்சை என்றாலே சேலத்துக்கு வண்டி பிடித்த குடும்பங்களுக்கு இஃது எத்தனை லிட்டர் எண்ணெயையும் எத்தனை நாள் கூலியையும் மிச்சப்படுத்தியிருக்கும்!

ஆனால் கட்டடம் அருகில் வந்துவிட்டால் மட்டும் நோயாளி வந்துவிடுவதில்லை. மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களுக்கே போய்க் கண் முகாம் நடத்தி, அறுவை தேவைப்பட்டோரைத் தன் பேருந்திலேயே ஏற்றிச்சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கத்தால் பெயர் பெற்றது. அம்முகாம்களைக் குறித்து 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கண் குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்தனர் என்று கண்டது. மருத்துவம் இலவசம், இடமோ அருகில். ஆயினும் அச்சமும், செலவும், வீட்டை விட்டுப் போக நேரமின்மையும் மற்றவர்களைத் தடுத்தன. பின்னர் சிற்றூர்களில் நிலையான சிறு கண் மையங்களை நிறுவி, நகரத்து மருத்துவர் தொலைத்தொடர்பு வழியாகவே நோயாளியைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். நோயாளிக்குப் பதிலாக அவருடைய கண்ணின் படம் பயணம் செய்கிறது!

எங்கள் தெருவில் நிகழ்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். விசைத்தறி ஓட்டும் ஒருவர், நாற்பத்தைந்து வயது, உழைப்பாளி. இரத்தக்கொதிப்பு இருப்பதாகச் சொல்லி நாள்தோறும் மாத்திரை உண்ணச் சொன்னார்கள். சில மாதங்கள் போய் வாங்கி வந்தார், பிறகு நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்டபோது, "மாத்திரை இலவசம்தான் ஐயா, அன்றைய நாள் இலவசமா?" என்றார். நின்ற தறிக்குக் கூலியில்லை. உடம்பில் வலியேதும் தெரியவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் அவருடைய வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. அன்று அவரைத் தூக்கிச் செல்ல அண்ணனும், மைத்துனரும், பக்கத்து வீட்டார் இருவரும் போனார்கள். மாதம் ஒரு நாளை மிச்சப்படுத்தப் போய், நால்வருடைய நாட்களும், ஒரு குடும்பத்தின் பல்லாண்டும் செலவாயின. கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்றவரைக் கட்டிலோடு சுமந்து கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரை நாம் நற்செய்தியில் அறிவோம். சுமக்கிறவர்கள் இல்லாமல் நோயாளி வருவதில்லை. நம் மருத்துவக் கணக்குகளிலோ அந்நால்வருக்கும் ஒரு கட்டம் இல்லை.

இத்தகைய துயரத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான், 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின் அருமை விளங்கும். இரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும், முடங்கியவர்க்கு இயன்முறை மருத்துவமும், படுத்த படுக்கையானவர்க்கு வலிதணிப்புப் பணியும் வீட்டிலேயே அளிப்பதும் அதன் முறை. 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதும் இதற்குக் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு மாத்திரைப் பையுடன் நடந்து வந்த பெண்மணியை என் பேத்தி வியந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வீட்டார் நாற்பது முறை பேருந்தேறுவதற்கு மாறாக, ஒருவர் நாற்பது வாசல்களில் நடக்கிறார். ஏழைக்குச் செலவில்லை, காற்றுக்கும் கேடில்லை. அந்தத் தறிக்காரர்க்குக் கைகால் பழக்க வந்தவரும் இத்திட்டத்தைச் சேர்ந்தவரே. இப்பொழுது அவர் கோலூன்றித் திண்ணைவரை வருகிறார்.

இங்கும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, நோயாளியின் வழிநடையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு அது மறைந்துவிட்டது என்று எண்ணலாகாது. வீடு வீடாக நடக்கும் அப்பெண்மணிக்கும் கால் வலிக்கும். அவருக்கும் குடும்பம் உண்டு. நம் நலத்துக்காக நடப்பவரின் ஊதியமும் நலமும் நம் பொறுப்பே. மற்றொன்று இதைவிட முக்கியமானது. பயணத்தைக் குறைப்போம் என்னும் பேச்சு, விரைந்து போக வேண்டிய நோய்க்குப் பொருந்தாது. பாம்புக்கடிக்கும், நெஞ்சுவலிக்கும், பேறுகால இரத்தப்போக்குக்கும் புகைக் கணக்குப் பார்ப்பது பாவம். இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்த ஊர்தி இதற்காகவே இருக்கிறது. தேவையற்ற பயணங்களை நீக்குவது, தேவையான பயணம் தடையின்றி நிகழ்வதற்கே. தொலைபேசியில் மருந்து கேட்பதும் அவ்வாறே: தொடர்ந்து உண்ணும் மாத்திரைக்கு அது போதும், வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நோய்க்கு மருத்துவரின் கைதான் வேண்டும்.

என் பேத்தி தன் ஆய்வை எழுதி முடித்தபோது, அதில் ஒரு வரிசைமுறை இருந்தது. முதலில், இந்தப் பயணம் தேவைதானா என்று கேள். தேவையில்லையாயின் மருந்தை வீட்டுக்கு அனுப்பு. தேவையாயின், பல நாள் வேலையை ஒரு நாளில் முடித்துக்கொடு. அடுத்து, நோயாளியின் ஊருக்கு அருகில் செய்யக்கூடியதை அருகிலேயே செய். அதன்பின்னரே எந்த வாகனம், எவ்வளவு புகை என்று பார். "முதலில் புகையிலிருந்து தொடங்கினேன் அப்புச்சி. மனுஷரிடமிருந்து தொடங்கியிருந்தால் புகை தானாகவே கணக்கில் வந்திருக்கும்" என்றாள். இருபது வயதுப் பெண்ணின் வாயிலிருந்து வந்த இச்சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதில் அரசும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவை பல. ஆனால் குடும்பங்களாகிய நாமும், பங்குகளிலுள்ள நம் சங்கங்களும் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரே தெருவிலிருந்து ஒரே மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஒரே நாளைக் கேட்டுப் பெறலாம். நால்வருக்கு ஒருவர் துணை போனால், மூன்று பேருடைய கூலி தப்பும். இரத்தக்கொதிப்புக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று அயல்வீட்டார் மாதம் ஒருமுறை விசாரிக்கலாம். காலைப் பேருந்து இல்லாத ஊரார், புறநோயாளி நேரத்தைக் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனுச் செய்யலாம். வாகனம் உள்ளவர் நோயாளியைப் பார்க்கப் பழக்கூடையுடன் போவதைவிட, வாரம் ஒருநாள் இரத்தச் சுத்திகரிப்பு முடிந்து திரும்புகிறவரை வீட்டில் கொண்டுவந்து விடலாம். தாம் வேறு வேலையாய் நகரத்துக்குப் போகும் அதே நாளில் அதைச் செய்தால் எண்ணெயும் கூடுதலாகாது.

உங்கள் தெருவிலும் மருந்துச் சீட்டை அலமாரியில் வைத்துவிட்டுத் தறியடிக்கோ காட்டுவேலைக்கோ போய்க்கொண்டிருக்கும் ஒருவர் இருப்பார். நோய் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அடுத்த முறை எந்த நாள், எந்தப் பேருந்து, துணைக்கு யார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், அந்த நாளை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள்.